சனிக்கிழமை உலை

பியெத்ராஸ்கூரா,
8 மே 2014

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

வரும் கல்வியாண்டின் புதிய பாடங்கள், நேர மாற்றங்கள் பற்றித் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. என் மகன் கானியோவின் பெயரில் வருஷாவருஷம் லத்தீன் பரிசு கொடுப்பவள் என்ற முறையில் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. இரண்டாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் பக்கத்தின் பாதி வரைக்கும் ஓடுகிறது. எங்கள் கன்னிமாடப் பள்ளியில் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் இம்மகொலாத்தா தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார்.

சீன மொழி சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படிக்கக் கஷ்டமான எதுவும் பிள்ளைகளுக்கு நல்லதுதான். சுற்றுலா வழிகாட்டலும் போகட்டும். வீடியோ எடுக்க ஒரு பாடம் எதற்கு என்றுதான் புரியவில்லை. எங்கள் ரொட்டிக் கடைக்காரியின் மகன் அதை எந்த ஆசிரியரும் இல்லாமலே காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்துகொண்டிருக்கிறான்.

லத்தீனை வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளையான ஆறாவது மணிக்குத் தள்ளியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளின் காதில் விழுவது அவர்கள் வயிற்றின் சத்தம் மட்டும்தான். பரிசு வாங்க ஆள் இல்லாமல் போனால் அதற்குப் பொறுப்பு நான் இல்லை.

கடைசியாக, சனிக்கிழமை வகுப்புகளை அறவே எடுத்துவிடப் போவதாக இருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் படித்த தலைமுறைகள் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி எடுத்துவிட்டால் மதியம் மலைமேல் எங்கள் மேலூருக்கு வரும் சனிக்கிழமை பேருந்து என்ன ஆகும் என்று சுற்றறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. தெரிவிக்கவும்.

இதை ஓட்டுநர் சவேரியோவிடம் கொடுத்தனுப்புகிறேன். கசங்கி வந்தால் குற்றம் அவனுடையது.

எர்சீலியா,
லொவால்லோவின் விதவை

*

வால்சீனா,
16 மே 2014

மதிப்பிற்குரிய திருமதி லொவால்லோ அவர்களுக்கு,

இப்படித் தொடங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சின்ன வயதில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி "கானியோ கிளம்பிட்டானா அத்தை?" என்றுதான் தினமும் கேட்டிருக்கிறேன். இன்று ஒரு நாளாவது அப்படியே எழுதிக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள். என்னை நீங்கள் "தாங்கள்" என்று எழுதுவதைப் படிக்கும்போது அறையில் வேறு யாரோ இருப்பதுபோல் திரும்பிப் பார்க்கிறேன்.

கடிதம் கசங்கவில்லை, அத்தை. "மேலூர் மகாராணிகிட்டேருந்து வந்திருக்கு மேடம், ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க" என்று சவேரியோ எல்லார் முன்னாலும் சொல்லிக் கொடுத்தான். அந்த நீள வாக்கியம் நான் எழுதியதுதான். நான் கணக்கு டீச்சர், என்ன செய்வது.

சனிக்கிழமை விஷயம் என் கையில் மட்டும் இல்லை. ஊர் ஊராகப் பள்ளிகள் சனிக்கிழமையை விட்டுவிட்டன. எங்களிடம் சேரும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். புதிய பாடங்கள் வந்தால்தான் கொஞ்சம் பேராவது நிற்பார்கள். மாகாண அலுவலகம் சனிக்கிழமை வகுப்பறைகளைச் சூடேற்ற எண்ணெய் தர முடியாது என்று சொல்லிவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்து, சனியும் ஞாயிறும் விடுமுறை. ஜூனில் பள்ளிக் குழு வாக்களிக்கிறது. எனக்கும் ஒரு வாக்கு உண்டு.

வகுப்பு இல்லையென்றால் சனிக்கிழமை பேருந்தும் இல்லை. நிறுவனத்தில் கேட்டேன். "மேலூருக்கு யார் மேடம் ஏறுறா? ரெண்டு பசங்க, ஒரு ரொட்டி மூட்டை" என்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், அத்தை. உங்களுக்கு வருத்தம் லத்தீனுக்காகவா, பேருந்துக்காகவா?

லொரெதானா சாபியா

*

பியெத்ராஸ்கூரா,
22 மே 2014

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

நான் லத்தீனைப் பற்றித்தான் கேட்டிருந்தேன். அதற்குத் தங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

பேருந்தைப் பற்றித் தாங்கள் கேட்டிருப்பதால் சொல்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது என் பழக்கமில்லை.

பள்ளிப் பேருந்து கல்லறைக்குக் கீழே இருக்கும் வளைவுக்கு வரும்போது ஓட்டுநர் ஹார்ன் அடிப்பார். அதைக் கேட்டுத்தான் இந்த ஊரில் ஒவ்வொரு தாயும் உலையில் பாஸ்தாவைப் போட்டாள். வண்டி வளைவிலிருந்து சதுக்கத்துக்கு ஏறி, பிள்ளை இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்து, நாலு தடவை சொன்ன பிறகு கை கழுவிவிட்டு உட்காரும்போது பாஸ்தா சரியாக வெந்திருக்கும். தங்கள் தாயார் வித்தூச்சாவும் அப்படித்தான் செய்தாள், அவள் ஆத்மா சாந்தியடையட்டும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் காலத்து ஓட்டுநர் ப்ரொஸ்பெரோ இரண்டு தடவை சுருக்கமாகவும் ஒரு தடவை நீளமாகவும் அடிப்பான். அந்த நீளம் எனக்காக. என் வீடு மேல் தெருவின் கடைசி.

1983 பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை தாங்கள் பொன்னுக்குவீங்கியோடு படுக்கையில் இருந்தீர்கள். மேலூருக்கு ஏறியது கானியோ ஒருவன்தான். எனக்கு ஹார்ன் கேட்டது. இரண்டு சுருக்கம், ஒரு நீளம். பாஸ்தாவைப் போட்டேன். வெந்தது. வடித்தேன். ஆறியது. நான் அதைப் போடுவதற்கு வெகு நேரம் முன்பே, பாதி வழியில் ஆலைப் பாலத்தில் வண்டி பனியில் சறுக்கி விழுந்திருக்கிறது. ஆலைக்காரர்கள் அதற்குள் கயிறு கட்டி இறங்கியும் விட்டார்கள். ப்ரொஸ்பெரோ அந்த வளைவுக்கு வரவே இல்லை.

"கேட்டிருக்காது எர்சீலியா, உன் மனசு கேட்டிருக்கு" என்றார் என் கணவர். சாகும் வரை அதையே சொன்னார். காவலர்களும் பாதிரியாரும் இந்த ஊரும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் இரக்கத்தோடு. இரக்கத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை. மனசு கேட்டதற்கெல்லாம் உலையில் போடுகிறவள் நான் இல்லை. கன்னியர்களிடம் பத்து வருஷம் படித்தவள். கேட்காததைக் கேட்டேன் என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே தடவைதான் அடிக்கிறார்கள், ஆட்டை விரட்டுகிற மாதிரி. சனிக்கிழமைகளில் அந்தச் சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்கு அடியில் வேறு ஏதாவது இருந்ததா இல்லையா என்று நான் பார்க்க வேண்டியதில்லை. நான் இரண்டு பேருக்குப் போடுவேன். ஒரு தட்டில் சாப்பிடுவேன். இத்தனை வருஷம் அப்படித்தான் போனது.

பேருந்து நின்றுவிட்டால் அந்த வளைவில் சனிக்கிழமை மதியம் வெறும் நிசப்தம்தான். அதில் எனக்கு அந்த ஹார்ன் கேட்டால் ஒரு பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பெரிய பயம். கேட்கவில்லை என்றால் அன்றைக்கும் கேட்கவில்லை என்று ஆகும். ஊர் சொன்னதே சரி என்று ஆகும். கானியோ கடைசியாக எனக்கு அனுப்பியது ஒன்றும் இல்லை என்று ஆகும்.

இது கோரிக்கை அல்ல. கேள்விக்குப் பதில். வாக்களிக்கும்போது தங்கள் மனசாட்சிப்படி செய்யவும். பரிசை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். அது லத்தீனுக்கான பரிசு, பேருந்துக்கானது அல்ல.

எர்சீலியா,
லொவால்லோவின் விதவை

*

வால்சீனா,
20 ஜூன் 2014

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று வாக்கெடுப்பு முடிந்தது. சனிக்கிழமை போகிறது. மறுத்துக் கை தூக்கியவர் மதப் பாட ஆசிரியர் மட்டும்தான், அதுவும் வெள்ளிக்கிழமை கடைசி மணி தன் தலையில் விழுந்துவிடும் என்ற பயத்தில்.

இதை வேறு யாராவது உங்களிடம் சொல்லும் முன் நானே சொல்கிறேன். நானும் ஆதரவாகத்தான் கை தூக்கினேன். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஆனால் ஆலைக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகள் இருட்டில் எழுந்து வருகிறார்கள், அத்தை. சனிக்கிழமை அப்பாவோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர்கள், ஒரு நாள் தூங்க வேண்டியவர்கள். புதிய பாடங்கள் இல்லையென்றால் இன்னும் சில வருஷத்தில் பள்ளியையே மூடிவிடுவார்கள். அவர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு என்னால் வேறு மாதிரி கை தூக்க முடியவில்லை.

லத்தீனை வெள்ளிக்கிழமை ஆறாவது மணியிலிருந்து எடுத்துவிட்டேன். செவ்வாய், வியாழன், இரண்டாவது மணி. அந்த இடத்தில் வீடியோ பாடத்தை வைத்தேன். அந்த ஆசிரியர் இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை.

கோடையில் மேலே வரலாமா? அம்மா வீட்டைத் திறந்து காற்றாட வைக்க வேண்டும். உங்களையும் பார்க்க வேண்டும்.

லொரெதானா

*

பியெத்ராஸ்கூரா,
30 ஜூன் 2014

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

தங்கள் 20ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. லத்தீனுக்கு நன்றி.

கோடையில் நான் யாரையும் பார்ப்பதாக இல்லை.

எ. லொவால்லோ

*

பியெத்ராஸ்கூரா,
29 செப்டம்பர் 2014

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

பள்ளி திறந்து இரண்டு சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. இரண்டிலும் பேருந்து வரும் நேரத்தில் கல்லறைக்குக் கீழே வளைவில் ஹார்ன் சத்தம் கேட்டது. அது தங்கள் கார்.

மறுக்க வேண்டாம். ரொட்டிக் கடைக்காரி அசுந்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடையில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அந்தச் சாம்பல் கலர் கார் யாருதுன்னு தெரியாதா என்ன? பெரிய டீச்சரம்மா ஒரு தடவை பாம்-னு அடிச்சுட்டு, திருடன் மாதிரி அப்படியே திரும்பிப் போறாங்க. ஏன் எர்சீலியாம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையா?" ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அசுந்தா சொல்லியிருக்காவிட்டாலும் எனக்குத் தெரியும். தங்கள் காரின் ஹார்ன் தும்மல் போல இருக்கிறது. ப்ரொஸ்பெரோவின் முறைப்படி இரண்டு சுருக்கமும் ஒரு நீளமும் அடிக்கக்கூட முயற்சி செய்யவில்லை. செய்திருந்தால் மன்னித்திருக்கவே மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சனியும் உலை கொதித்தது. பாஸ்தாவை நான் போடவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டேன். தண்ணீரைக் கீழே ஊற்றினேன்.

தங்கள் எண்ணம் புரியாமல் இல்லை. ஆனால் அந்த நிசப்தத்தைத் தாங்கள் ஹார்னால் நிரப்பினால், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை என்னால் கேட்க முடியாது. பயமாக இருந்தாலும் நான் கேட்டாக வேண்டும். எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. இனியும் தள்ளிப்போட நேரம் இல்லை. நான் சொன்னது நிஜமா பொய்யா என்று தெரியாமல் கல்லறையில் கானியோ பக்கத்தில் போய்ப் படுக்க எனக்கு விருப்பம் இல்லை.

தயவுசெய்து நிறுத்தவும். பரிசுக்கான பெயர்களை ஏப்ரலுக்குள் அனுப்பினால் போதும்.

எர்சீலியா,
லொவால்லோவின் விதவை

*

வால்சீனா,
5 அக்டோபர் 2014, ஞாயிறு

அத்தை,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. சவேரியோ கொடுக்கும்போதே "மேடம், மகாராணி இன்னிக்கு முகத்தை வெச்சிருந்த விதத்தைப் பார்த்தா, நீங்க உக்காந்துக்கிட்டுப் படிக்கிறதுதான் நல்லது" என்றான். உட்கார்ந்துதான் படித்தேன்.

அடித்தது நான்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கை தூக்கிய நாளிலிருந்து அந்த வளைவு என் கண் முன்னாலேயே நின்றது. ஒரு ஹார்ன் அடித்தால் உங்கள் மதியம் முன்பு மாதிரியே போய்விடும் என்று நினைத்துவிட்டேன். நினைத்தது தப்பு.

நேற்று உங்களிடம் நேரில் சொல்லத்தான் வந்தேன். ஒரு டப்பா பிஸ்கோத்தும் வாங்கி வந்தேன், நீங்கள் அதையும் குறை சொல்வீர்கள் என்று தெரிந்தும். வளைவில் காரை ஓரமாக நிறுத்தினேன். ஹார்ன் அடிக்க இல்லை, அத்தை. மேலே ஏற தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கியிருந்தேன். கல்லறைச் சுவரோரம் ஒரு நாய் படுத்திருந்தது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

நாய் தலையைத் தூக்கியது. அப்புறம் எனக்குக் கேட்டது. பின்னாலிருந்து, கீழே பாதை திரும்பும் இடத்திலிருந்து. இரண்டு சுருக்கம். ஒரு நீளம். பழைய வண்டியின் கனத்த ஹார்ன், தொடங்கும்போது கொஞ்சம் கரகரக்குமே, அதே. நான் அந்த வண்டியில் அஞ்சு வருஷம் போயிருக்கிறேன். ப்ரொஸ்பெரோவுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரத்துக்கு உங்கள் மகனோடு சண்டை போட்டுக்கொண்டு. அந்த நீளமான ஹார்னுக்கு அவன் ஒவ்வொரு நாளும் "அம்மா, போட்டுடு" என்று வாய்க்குள் சொல்வான். அது எனக்கு நேற்று வரைக்கும் மறந்தே போயிருந்தது.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இறங்கி நின்று பார்த்தேன். பாலம் வரைக்கும் பாதை முழுக்கத் தெரிந்தது. ஒரு வண்டியும் வரவில்லை, டிராக்டர்கூட இல்லை. எதுவாவது வந்து என்னைக் கடந்து போகட்டும் என்று வெகு நேரம் நின்றேன். எதுவும் வரவில்லை.

காரைத் திருப்பிக்கொண்டு கீழே போய்விட்டேன். பாலத்தைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொண்டேன். அம்மா செத்த பிறகு நான் அதைச் செய்ததே இல்லை.

நான் அடிக்கவில்லை, அத்தை. அம்மா மேல் சத்தியம். உங்களுக்குக் கேட்டதா?

லொரெதானா

*

பியெத்ராஸ்கூரா,
7 அக்டோபர் 2014

அன்புள்ள லொரெதானா,

சத்தியம் செய்ய வேண்டியதில்லை. நீ அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் பால்கனியில் நின்றிருந்தேன். உன் கார் வந்து நிற்பதைப் பார்த்தேன். உன் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் நான் உன்னைப் பற்றி என்ன நினைத்தேன் என்பதை எழுதாமல் விடுகிறேன். "சொல்லியும் கேக்கலை பாரு இந்தப் பொண்ணு, வித்தூச்சா மகளாச்சே" என்று வாய்விட்டே சொன்னேன். அடுப்பை அணைக்க உள்ளே திரும்பினேன்.

அப்போது வந்தது.

நான் பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பயப்பட நேரம் இருக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது. இரண்டாவது சுருக்கத்தில் மூடியைத் திறந்தேன். நீளம் முடிவதற்குள் பாஸ்தா தண்ணீரில் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். நீ காருக்கு வெளியே நின்றுகொண்டு, என் பக்கம் பார்க்காமல், கீழே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஹார்ன் அடித்தவள் எதற்காகக் கீழே பார்க்கிறாள் என்று கேட்டுக்கொண்டேன். இந்த ஊரில் முப்பது வருஷமாக நான் ஒருத்தி மட்டும் நின்ற மாதிரி நீயும் நின்றாய். அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பாஸ்தாவைப் பார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை அதைக் குழைய விடவில்லை.

நீ மேலே வருவாய் என்று தட்டை எடுத்து வைத்தேன். அப்புறம் கார் திரும்பும் சத்தம் கேட்டது. அதற்காக உன் மேல் கோபம் உண்டு.

என் கணவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று நேற்றுக் கல்லறைக்குப் போனேன். நாய் அங்கேதான் இருந்தது. அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "கேட்டீங்களா? அது என் மனசு இல்லை." கானியோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும். "அம்மா, போட்டுடு" என்று அவன் சொல்வான் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அதை எனக்கு எழுதி அனுப்பியதற்கு நன்றி என்று எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

சனிக்கிழமை வகுப்பைத் திரும்ப வைக்கச் சொல்லி நான் இனி எழுத மாட்டேன். பிள்ளைகள் தூங்கட்டும். வீடியோ ஆசிரியரிடம் நீயே முதலில் பேசிவிடு, பாவம்.

வரும் சனிக்கிழமை வா. வளைவில் நிறுத்தாதே, நேராக மேல் தெருவுக்கு வந்துவிடு. ஹார்னில் கை வைக்காதே. பிஸ்கோத்தைக் கொண்டு வா, அதற்குள் நமுத்துப் போயிருக்கும், பரவாயில்லை. முன்னதாகவே வந்து அடுப்பங்கரையில் உட்கார், உலை கொதிக்கும்போது நான் நிறையப் பேச மாட்டேன், நீயும் பேசாதே. கேட்டால் கேட்கட்டும். கேட்காவிட்டாலும் நீ பசியோடு திரும்பிப் போகக் கூடாது.

மூன்று பேருக்குப் போடுகிறேன்.

எர்சீலியா அத்தை